அக்காவின் கைப்பட்டை வேலை செய்தது

மாநாட்டு அரங்கத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள், நான் பிளக் பாயிண்டைத் தேடுவேன். சார்ஜ் தீர்ந்த பிளாக்கரும் மைக் இல்லாத பேச்சாளரும் ஒன்றுதான். ஸ்டார்ட்அப் மாநாடு எங்கே நடந்தாலும் போய்விடுவேன். கழுத்தில் அட்டை, மடியில் லேப்டாப். மேடையில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் என் பதிவு வெளியே வந்திருக்கும். மற்றவர்கள் அழகாக எழுதுவார்கள், நான் முதலில் எழுதுவேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை.

"வீடு தீப்பிடிச்சாக்கூட நீ முதல்ல தலைப்புதான்டா யோசிப்பே" என்று அக்கா கிண்டல் செய்வாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. சர்க்கரை ஏறினால் சமாளித்துவிடுவாள். சட்டென்று இறங்கினால்தான் ஆபத்து. பேச்சு குழறும், அப்படியே சரிந்துவிடுவாள். அதற்கு முன்னால் வாயில் ஒரு மிட்டாய் போட ஆள் வேண்டும். அந்த ஆளைக் கூப்பிடத்தான் கைப்பட்டையைச் செய்தாள். சர்க்கரை இறங்கினால் முதல் ஆளின் போனுக்கு அழைப்பு வரும். அவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அழுத்தினால் அதோடு நின்றுவிடும். அழுத்தாவிட்டால் இரண்டாவது ஆளுக்குப் போகும்.

முதல் ஆள் நான். "நீதான் எப்பப் பாரு போனும் கையுமா இருக்கியே, உன்னை விட்டா வேற யாரு?" என்று என் நம்பரை அவளேதான் போட்டாள். இரண்டாவது ஆள் அவளுடைய தொழில் கூட்டாளி. நான் தாடி அண்ணன் என்று கூப்பிடுவேன்.

அந்தக் கைப்பட்டையோடு ஒரு ஸ்டார்ட்அப் மாநாட்டுப் போட்டியில் இறங்கியிருந்தாள். இறுதிக்கு முந்தைய சுற்றில் ஒரு நடுவர் அவளை மடக்கினார். நிஜமான ஆபத்தில் இது ஒருமுறையாவது வேலை செய்திருக்கிறதா என்று கேட்டார். சோதனை அழைப்புகள்தான் இருக்கின்றன என்றாள். அரங்கமே நெளிந்தது. அடுத்த நாள் மற்ற பிளாக்கர்கள் அதை எழுதிச் சிரித்தார்கள். அக்கா மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

இறுதிச் சுற்று அன்று காலை ஊசி போட்டுக்கொண்டாள், சாப்பிடவில்லை. வாங்கி வைத்த சாண்ட்விச் என் பையிலேயே கிடந்தது. எனக்குத் தெரியும். ஞாபகப்படுத்தவில்லை, அவள் என்ன குழந்தையா? மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தனியாகப் பேசிப் பார்க்கப் போகிறேன், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

போன் அதிர்ந்தது. சோதனை அழைப்பு நீலத்தில் வரும். இது சிவப்பு. சோதனை என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், கேட்பதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. உலகத்தின் முதல் சிவப்பு அழைப்பு என் உள்ளங்கையில் இருந்தது. நடுவரின் கேள்விக்குப் பதில் அதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பிறகு 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அழுத்தினேன். அழுத்தாமல் விட்டால் தாடி அண்ணன் ஓடுவார், கூட்டம் கூடும், பக்கத்து நாற்காலிக்காரன் என்னை முந்திக்கொள்வான்.

தாடி அண்ணனின் போனுக்கு 'தம்பி பார்த்துக்கொள்கிறார்' என்று மட்டும் தகவல் போயிற்று. பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா, அவளுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. மிட்டாய் போட்டுக்கிட்டா. நான் பார்த்துக்கிட்டேன்."

"நீ இருக்கேன்னுதான்டா அவ இவ்வளவு தைரியமா சுத்துறா" என்று தோளைத் தட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எழுதினேன். முதல் பத்தி சப்பென்று இருந்தது, அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். தலைப்பையும் மாற்றினேன். இடையில் மேடையில் அக்காவைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. தொகுப்பாளர், மேடம் இன்னும் மேக்கப்பில் இருக்கிறார்கள் போல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த போட்டியாளரைக் கூப்பிட்டார்கள். 'நிறுவனர் சற்று நேரத்தில் வருவார்' என்று ஒரு வரி சேர்த்துப் பதிவை வெளியிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் படித்த பதிவு வேறு இல்லை. கருத்துகள் மளமளவென்று வந்தன, ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். அந்த நடுவரே திரும்பிப் பார்த்து, போனை உயர்த்திக் காட்டித் தலையாட்டினார். பாதி மாநாடு முடிந்திருந்தது.

அறையைப் பெருக்க வந்த பணிப்பெண்தான் கதவைத் திறந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அக்கா அதற்குப் பிறகு கண் திறக்கவே இல்லை. நேரத்தோடு வந்திருந்தால் ஒரு மிட்டாயே போதும் என்றார் டாக்டர். எனக்குத் தெரியாததையா சொல்லிவிட்டார்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"உன் போனுக்குச் சேதி வந்துச்சாப்பா?"

"வந்துச்சும்மா."

கையை விட்டுவிட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பதிவை மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள். அக்காவின் கைப்பட்டை நிஜ ஆபத்தில் வேலை செய்தது என்பதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். நானும் மற்றவர்களைப் போல எழுந்து ஓடியிருந்தால், அவளுக்காக அதை யார் எழுதியிருப்பார்கள்?