லாரியில் ஏறிய உமி

ஹலோ... விமலு? நான்தான்டா, காஞ்சனா அக்கா. மில்லுலேர்ந்து பேசுறேன்... ஆமா, ஆமா, லாரி இன்னும் கெளம்பல. நான்தான் விடல. கேட்ட பூட்டி சாவிய இடுப்புல சொருகிகினு நிக்கிறேன்...

கத்தாத. மொதல்ல கேக்குறதுக்கு பதில் சொல்லு. கிருத்திகையாச்சேன்னு குன்றத்தூர் மல ஏறி எறங்கி வரதுக்குள்ள, உமி கொட்டாய வழிச்சு லாரில ஏத்தி வெச்சிகினு கீறான் உன் டிரைவர் கொம்பையா. யார கேட்டுடா ஏத்துன?

...

மாமா சொன்னாரா? என் வூட்டுக்காரருக்கு இன்னா தெரியும்? நெல்லு அவிக்கிறது அவரா, நானா?

... குப்பைதான். சரிப்பா, குப்பைதான். அந்த குப்பை இல்லன்னா என் பாய்லரு எதால எரியும்?

... இரு, கேளு. அய்யாத்துரை அண்ணன் நெல்லு நேத்துலேர்ந்து தொட்டில ஊறுது... அவரேதான், படப்பைல சுத்தி எல்லாரும் பிளாட் போட்டப்புறமும் பயிர் வெச்சிகினு கீறாரே, அவரு. அவரு வூட்டுக்கு வருஷ சாப்பாடுடா அது. இன்னிக்கு பொழுது சாயறதுக்குள்ள ஸ்டீம் ஏத்தலன்னா புளிச்சு நாறிப்பூடும். அப்புறம் அந்த அரிசிய மாடு கூட மோந்து பாக்காது.

... டீசலா? டீசல் பர்னரு எங்கடா கீது? கயட்ட சொன்னதே நீதானே! "அக்கா, உமி அடுப்பு போடு, டீசல் வேணாம், கார்பன் கொறையும், ஊரு உலகத்துக்கே நல்லது"ன்னு... சொன்னியா இல்லியா? ... ம். நானும் போட்டேன். நல்லாதான் எரியுது, இல்லன்னு சொல்லல. ஆனா அதுல போட உமி வேணாமா?

... அரைச்சா வரும். வரும், வரும். அரைக்கணும்னா மொதல்ல இத அவிச்சு காய வெக்கணுமே! வெளிய மழ கொட்டுது, களத்துல எங்க கொட்டுறது? ட்ரையருக்கும் இதே உமிதான்... பாதியா? பாதிய வெச்சிகினு ஸ்டீம் ஏத்திட்டு, ஈர நெல்ல என் தலைல கொட்டிக்கவா?

... கேட்டாச்சு. நம்ம ஆளு நடேசன சுத்தி இருக்குற நாலு மில்லுக்கும் அனுப்பி கேட்டாச்சு. எல்லாம் செங்கல் சூளைக்கு போய்ட்டுது. ஒரு மூட்ட இல்ல.

... சரி. சரி, உன் பக்கத்த சொல்லு... ம்... ம்... நாளைக்கு காலைல வெளிநாட்டு ஆளுங்க வராங்க... உன் லாரி ஓடுற ஒரகடம் கம்பெனில உமி பாய்லர் எரியறத பாக்க... சரி. அதுக்கு, அங்க இருக்குற உமி இன்னாச்சு?

...

ஒரு கூடை கூட இல்லியா? அப்ப தெனமும் எத போட்டு எரிக்கிறாங்க?

...

இன்னா? ... ஃபர்னஸ் ஆயிலா? அந்த கறுப்பு எண்ணெயா?

... சாம்பல் அள்ள ஆளு போட முடியாதுன்னு ஆயிலா? அப்ப பாக்க ஆளு வந்தா மட்டும் உமி, அவன் கார் ஏறினதும் ஆயிலு! அட பாவிங்களா. இந்த ஒரு நாள் வேஷத்துக்காடா என் கொட்டாய காலி பண்ண? உலகத்துக்கு நல்லதுன்னு எனக்கு பாடம் எடுத்தியே, அப்பவே தெரியுமா உனக்கு?

...

விமலு... டேய், அழாத... அழாதடா. தெரியும். உமி வரலன்னா கம்பெனிக்காரன் உன் லாரி காண்ட்ராக்ட்ட வேற ஆளுக்கு குடுத்துடுவான். உன் பொண்டாட்டி மாசமா கீறா. எனக்கு தெரியாதா? ... உன்ன இடுப்புல தூக்கி வளத்தவடா நான். உனக்கு இல்லாத உமியான்னு தோணுது. சத்தியமா தோணுது.

இரு. ஒரு நிமிஷம் இரு, லைன்லயே இரு.

அய்யாத்துரண்ணே! ஏன் மழைல நனைஞ்சிகினு நிக்கிறீங்க? கேட்டு பூட்டிகீதுண்ணே, இந்த சின்ன கதவால வாங்க... ஆமாண்ணே... நல்லா ஊறிட்டுது... இன்னிக்கே ஏத்திடலாம். ஒரு கொறையும் இல்ல, நீங்க உள்ள போய் உக்காருங்க.

...

கேட்டியா? ... அவருகிட்ட வேற இன்னாடா சொல்ல சொல்ற? உன் நெல்லு நாறட்டும், வெள்ளக்காரனுக்கு அடுப்பு காட்டணும்னா?

நடேசா! லாரி தார்ப்பாய அவுத்துடு. எல்லாத்தையும் எறக்கு... கொம்பையா, நீ எறங்குப்பா. உன் மேல தப்பு இல்ல, உன் மொதலாளி லைன்லதான் கீறான், நான் பேசிக்கிறேன்.

... ஆமாடா, எறக்குறேன். எறக்கிட்டேன்...

இன்னா சொன்ன? ... திருப்பி சொல்லு. ... அக்கா செத்துட்டான்னு நெனச்சிக்கிறியா? சரி. நெனச்சிக்கோ. கோவம் ஆறினதும்...

... வளகாப்புக்கு வரக் கூடாதா?

டேய். அத மட்டும் சொல்லாதடா. நாத்தனார் ஒருத்தி உசுரோட இருக்கும்போது வேற யாருடா அவளுக்கு வளையல் போடுவா? ... விமலு... நான் சொல்றத கேளு... விமலு?

ஹலோ... ஹலோ...