படத்தில் முளைத்த ஏணி

எங்கள் லட்லோ தெருக் கட்டடத்தின் உரிமையாளரும் இந்த ஓவியத் திறப்பு விழாவின் தலைவருமான மாண்புமிகு பிரெஸ்காட் எல்வுட் அவர்களே, ஓவியத்தைத் தீட்டிவிட்டு ஓரமாய் ஒடுங்கி அமர்ந்திருக்கும் ஓவியர் ரூபன் ஹாஸ்கல் அவர்களே, நியூயார்க் நகரத்தின் நனைந்த துணிகளுக்கு நடுவே என்னோடு நரைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் நான்காம் மாடி பெஸ்ஸி ஷைன்மன். படத்தில் ஒருத்தி உள்பாவாடை உலர்த்துகிறாளே, அவள்தான். சிரிக்காதீர்கள், துவைத்த பாவாடைதான் அது.

விரிசல் விட்ட சுவர், வீங்கிய குப்பைத்தொட்டி, வெக்கை தாங்காமல் வெளிச்சுவரின் இரும்புப் படிகளில் மெத்தை விரித்து உறங்கும் எங்கள் குடும்பங்கள். அத்தனையையும் அப்படியே வரைந்தார் ஓவியர். அதைப் பார்த்து அவமானம் என்று முகம் சுளித்தவர் யார்? நம் தலைவர். அருங்காட்சியகத்தார் புகழ்ந்ததும் ஆசை ஆசையாய் வாங்கியவர் யார்? நம் தலைவரேதான். பெரிய மனது.

வாங்கியவர் படத்தில் ஒரு குறை கண்டார். தீப்பிடித்தால் இறங்குவதற்கான அந்த இரும்புப் படிகள் இரண்டாம் மாடியோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து தரைக்கு இறக்கும் ஏணி துருப்பிடித்து விழுந்து மூன்று குளிர்காலம் ஆகிறது.

"ஏணி இல்லாம கண்ணை உறுத்துதுய்யா. ஒண்ணு வரைஞ்சு விட்டுருங்க" என்றார் தலைவர்.

"முதல்ல கட்டடத்துல வைங்க, அப்புறம் வரையுறேன்" என்றார் ஓவியர்.

தலைவர் விடுவாரா? கடைப் பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, கூடவே நின்று, ஏணியை வரைய வைத்தார். என்ன கரிசனம், என்ன கவனம்.

வண்ணம் காயாத அதே வாரத்தில் எங்கள் உள்படிக்கட்டில் தீப்பிடித்தது. நானும் பக்கத்து வீட்டு கொன்செட்டாவும் வெளிப்படிகளில் இறங்கி ஓடினோம். இரண்டாம் மாடியில் படி முடிந்துவிட்டது. அவள் இடுப்பில் கைக்குழந்தை.

"அக்கா, குதிச்சிரட்டுமா?"

"புள்ளைய வெச்சுக்கிட்டா? பேசாம நில்லுடி."

"நின்னா? ஏணி தானா வந்துருமா?"

நின்றோம். தீயணைப்பு வண்டி வரும்வரை புகைக்குள் நின்றோம். நான் அப்படிப் பயந்ததே இல்லை.

என்னம்மா கேட்கிறீர்கள், பின்வரிசையில்? ஆம், கொன்செட்டா குழந்தையோடு இன்னும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள். வேறு எங்கே போவாள்?

கேட்கிறேன் தலைவர் அவர்களே. வண்ணத்துக்கு வந்த வாழ்வு இரும்புக்கு வராதா? படத்தில் உறங்கும் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பு, பால் குடிக்கும் பிள்ளைக்குக் கிடையாதா?

சற்றுப் பொறுங்கள். ஓவியர் எழுந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுக்கிறார். தம் படத்தில் அடுத்தவர் வரைந்த ஏணியைச் சுரண்டுகிறார்.

"என்ன பண்றீங்க? ஏணி போகுதுய்யா" என்று தலைவரும் எழுந்து ஓடுகிறார்.

பார்த்தீர்களா பெரியோர்களே? படத்து ஏணி போனதும் பதறி எழுந்த தலைவர் அவர்களே, எங்கள் ஏணி போனபோது மூன்று குளிர்காலம் உட்கார்ந்தே இருந்தீர்கள். எழுந்ததுதான் எழுந்தீர்கள், இனி உட்காராதீர்கள். அப்படியே லட்லோ தெருவுக்கு நடங்கள். அரங்கத்தில் உள்ள அத்தனை பேரும் உங்களுக்குத் துணையாக வருகிறோம்.

எழுந்து நின்ற தலைவருக்கும், எழ வைத்த ஓவியருக்கும் நன்றி. வணக்கம்.