தினமும் ஜூன் மூன்று

அந்த நாற்காலி ஆடும் மேடம், இதில் உட்காருங்கள். இந்த மருத்துவமனையில் ஒரு நாற்காலிக்குக்கூட விண்ணப்பம் எழுதிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து லைசென்ஸ் தணிக்கைக்கு வந்திருக்கிறீர்கள், நல்லது. இங்கே நாற்பத்தோரு கம்ப்யூட்டர், நாற்பத்தோரு லைசென்ஸ். பதினோரு வருஷமாக எல்லாவற்றையும் நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு திருட்டு லைசென்ஸ் சாவி போட்டதில்லை. மற்ற இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவராது.

உங்கள் தாளில் ஒரு வரி உதைக்கிறது என்கிறீர்கள். மருந்துக் கிடங்கு மெஷினுக்கு வாங்கிய சாவியை, போன ஜூன் மூன்றாம் தேதி இன்னொரு மெஷினிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உண்மைதான். அந்த இன்னொரு மெஷின் இதே மெஷினுக்குள்தான் இருந்தது. முழுக்கதையும் சொல்லிவிடுகிறேன். அது திருட்டில்லை என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

கிடங்கைப் பார்த்துக்கொண்டவள் என் அக்கா. கூடப் பிறந்தவள். அவளுடைய கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். மெயிலுக்கும் மற்றதுக்கும் இலவச சிஸ்டம். மருந்து இருப்பு புரோகிராமுக்கு லைசென்ஸ் வாங்கிய சிஸ்டம். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட வேண்டும்.

"டேய், அணைச்சு அணைச்சே என் ஆயுசு போயிடும்போல இருக்கு. ரெண்டையும் ஒண்ணா தெரியற மாதிரி பண்ணித் தரமாட்டியா?" என்றாள்.

கேட்டது அக்கா. இலவச சிஸ்டத்துக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினை உண்டாக்கினேன். திரையில் ஒரு ஜன்னலைத் திறந்தால் அதற்குள் இன்னொரு முழு கம்ப்யூட்டர் ஓடும், அவ்வளவுதான். லைசென்ஸ் சிஸ்டத்தையும் மருந்து புரோகிராமையும் அதில் ஏற்றிவிட்டு, இருந்த சாவியைப் போட்டேன். இது வேறு மெஷின், தனி லைசென்ஸ் வாங்கு என்றது. மேனேஜருக்கு மூன்று கடிதம் எழுதினேன். "பார்க்கலாம்ப்பா" என்றார்.

சாவி போட்டு ஆக்டிவேட் செய்யாவிட்டால் முப்பது நாள்தான் ஓடும். திருட்டு சாவி தேட மனசு வரவில்லை. அதனால் அந்த உள் மெஷினை எப்போது திறந்தாலும் அது ஜூன் மூன்றாம் தேதியில் விழிக்கும்படி வைத்துவிட்டேன். முப்பது நாள் முடியவே முடியாது. யாருடைய சாவியையும் தொடவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை மறைத்தேன். மருந்து கொடுக்கும் சீட்டில் தேதி அச்சாகும் வரியையும் எடுத்துவிட்டேன். அக்கா கையால் எழுதிக்கொண்டாள்.

"மணி எங்கடா போச்சு?"

"அதான் சுவத்துல பெருசா மாட்டியிருக்கே."

"இதைச் சொல்றதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று சிரித்தாள்.

காலாவதியான மருந்தின் பெயர் திரையில் சிவப்பாகும், அதுவரை பச்சை. மெஷினின் தேதியை வைத்துத்தான் நிறம் மாறும். அது எனக்குத் தெரியும். அக்காவுக்குப் பொடி எழுத்து சரியாகத் தெரியாது. ஒரு தடவை மூன்றை எட்டென்று படித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். "லேபிளைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்காதே, நிறத்தைப் பாரு போதும்" என்று சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

நவம்பரில் அவளுடைய பிரிண்டரைச் சரிசெய்யப் போனேன். கை எட்டும் தூரத்தில் ஓர் ஊசி மருந்துப் பெட்டி. அட்டையில் ஆகஸ்டோடு முடிகிறது என்று போட்டிருந்தது. திரையில் பச்சை. எடுத்து வைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள்; பிறகு எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி கட்ட வேண்டும். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் அசதி. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அசதியாக இருப்பது யாருக்கும் நடப்பதுதான்.

பிப்ரவரியில் மருத்துவமனைத் தோட்டக்காரரைக் குளவிகள் கொட்டின. வேலிச் செடியை வெட்டும்போது கூட்டைக் கலைத்துவிட்டார். நல்ல மனிதர். என் ஜன்னல் கொடியைக் கத்தரிக்க வரும்போதெல்லாம், "உள்ள இருக்கற பொட்டிக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா தம்பி?" என்பார். தொண்டை வீங்கி மூச்சு முட்டத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா திரையைப் பார்த்துவிட்டு, ஓட்டமாக ஓடி அந்தப் பெட்டியிலிருந்து ஊசி மருந்தைக் கொடுத்தாள். மருந்து கேட்கவில்லை. இரண்டாவதும் அதே பெட்டியிலிருந்துதான். அரை மணி நேரத்தில் போய்விட்டார்.

விசாரணைக்கு ஆள் வர ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு அது போதும். இருப்பு விவரத்தை லைசென்ஸ் வாங்கிய பழைய சிஸ்டத்துக்கு மாற்றினேன், உள் மெஷினைச் சுவடில்லாமல் அழித்தேன். அவர்கள் வந்து பார்த்தபோது தேதி சரியாக இருந்தது. அந்தப் பெட்டி சிவப்பாக இருந்தது.

"பச்சையாத்தான் சார் இருந்துச்சு, சத்தியமா. என் தம்பியைக் கேளுங்க. டேய், சொல்லுடா" என்றாள் அக்கா.

சிஸ்டத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று சொன்னேன். அந்த நிமிஷத்தில் அது உண்மைதானே. அவள் என்னைத் திட்டவில்லை. திரையைப் பார்த்தாள், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். இப்போது சிறைக்குப் பார்க்கப் போனால், "என் பாழாப்போன கண்ணுதான்டா அந்த மனுஷனைக் கொன்னுடுச்சு" என்று அழுகிறாள். நான் கைக்குட்டை கொடுக்கிறேன். அவளுடைய மகளை என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். ஒரு குறை வைக்கவில்லை.

புதன்கிழமை தீர்ப்பு. எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். சாவியைப் போட்டுப் பார்த்தது உங்கள் கம்பெனியிலும் பதிவாகும் என்பது மறந்துபோயிற்று. அக்கா சொன்னது பொய்யில்லை என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது உங்கள் தாளில் உள்ள அந்த ஒரு வரிதான்.

அதை அடித்துவிடுங்கள் மேடம். பதினோரு வருஷம் நேர்மையாக இருந்துவிட்டு, திருட்டு லைசென்ஸ்காரன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.