மதிலில் எழுதப்பட்ட ஸாஜித்

சுண்ணாம்புக் கோடு காயாத இந்த மைதானத்தின் நடுவே, நடுக்கதிரையில் நிமிர்ந்திருக்கும் தலைவர் சிவக்கொழுந்து ஐயா அவர்களே! பொன்னாடைக்காகத் தோள்களைத் தயாராக வைத்திருக்கும் எங்கள் அணியின் உரிமையாளர், ரொறன்ரோ தந்த வள்ளல் அருட்பிரகாசம் அவர்களே! விசிறியும் வியர்வையுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோரே! பிள்ளைகளின் முழங்கால் காயங்களுக்கு மருந்து கட்டியே மாலைகளைக் கழித்த தாய்மாரே! மதிலில் ஏறிக் குந்தியிருக்கும் இளையோரே! உடுப்பிட்டி வைகறை விளையாட்டுக் கழகத்தின் பேரால் வணங்குகிறேன்.

உரிமையாளரை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துகிறேன். வாயார வாழ்த்துகிறேன்.

நாளை மறுநாள் ஞாயிறு. சாவகச்சேரி அணியோடு உதைபந்தாட்ட இறுதியாட்டம். எங்களை அதுவரை இழுத்து வந்தவை ஸாஜித்தின் கால்கள். அந்த ஸாஜித்தை, நேற்று, சாவகச்சேரிக்கே விற்றுவிட்டார் உரிமையாளர்! எதிரிக்கு வாள் கொடுத்தவர் உண்டு. வழி கொடுத்தவர் உண்டு. எதிரிக்குக் கோல் கொடுத்த கொடையாளியை உடுப்பிட்டி இன்றுதான் காண்கிறது.

இந்தத் தொடரில் இறுதியாட்டத்துக்கு முதல்நாள் வரை வீரரைக் கைமாற்றலாம். விதி அது. வீரனும் கையெழுத்து வைக்க வேண்டும். அதுவும் விதி. அந்தக் கையெழுத்து இன்னும் வைக்கப்படவில்லை.

ஏன் விற்றீர்கள் என்று கேட்டோம். “அணியின்ரை நீண்டகால நன்மைக்கு” என்றார். ஞாயிறோடு முடிகிற தொடருக்கு நீண்டகால நன்மை! “பெடியன்ரை வேகம் குறைஞ்சு போச்சு” என்றார். அரையிறுதியில் அவனைத் துரத்தியவர் இன்னும் மூச்சு வாங்குகிறார். “பயிற்சியாளர் சொன்னவர்” என்றார். பயிற்சியாளரைப் பார்த்தோம். பயிற்சியாளர் வானத்தைப் பார்த்தார்.

நாங்களும் பார்த்தோம். விடை அங்கேதான் இருந்தது.

வருகிற மாதம் ரொறன்ரோவில் உரிமையாளருக்கு மணிவிழா. அறுபது வயது மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாய் ஹெலிகொப்டரில் வந்து இறங்குகிறார்கள். அழைப்புக் காணொளியை எல்லோருக்கும் அவரே அனுப்பியிருக்கிறார். கார்களுக்கு எண்ணெய் அடிக்கும் அவருடைய இரண்டு பெற்றோல் செற்றுகளில் ஒன்று பூட்டிக் கிடப்பதைக் காணொளி சொல்லவில்லை. அவருடைய மச்சான்காரர் சொன்னார். பூட்டிய இடத்தில் வருமானம் இல்லை. ஹெலிகொப்டர் கடனுக்குப் பறப்பதில்லை. ஆகவே அன்பர்களே, எங்கள் முன்கள வீரர் ஒருவர் ரொறன்ரோ வானத்தில் அரை மணித்தியாலம் பறக்கப் போகிறார்!

சிரிக்கிறீர்கள். பெரிய நாடுகளின் பெரிய கழகங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? முதலாளியின் பை மெலியும்போதெல்லாம் முன்கள வீரனின் வேகம் குறைந்துவிடுகிறது. எந்த வைத்தியர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார்?

பின்னால் யார்? கோபிசங்கரா? “காசு போட்டவர் விப்பார்தானே அண்ணை!” என்கிறாய். விப்பார்தான் தம்பி. கொஞ்சம் திரும்பி அந்த மதிலைப் பார்.

கோல் கம்பம், உபயம்: அருட்பிரகாசம் குடும்பம். வலை, உபயம்: அருட்பிரகாசம் குடும்பம். தண்ணீர்த் தாங்கி, உபயம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், போன வருடம் பட்டணத்துக் கழகத்திடம் அவனை வாங்கி வந்தபோது அவரே எழுதுவித்தது: ஸாஜித், உபயம்: அருட்பிரகாசம் குடும்பம், ரொறன்ரோ.

கோயிலுக்கு ரியூப் லைற் உபயம் செய்தவர், பணமுடை வந்தால் ஏணி வைத்து அதைக் கழற்றுவாரா? தேர்வடம் கொடுத்தவர், தேர் நடுவீதியில் நிற்க, வடத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாரா? ஐயா, கொடுத்தது கொடுத்ததுதான். ‘என் சொத்து’ என்று எழுதியிருந்தால் எனக்கு வாய் இல்லை. சுவர் நிறையப் பேர் வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். அந்தப் பேரே உங்களைக் கட்டிப்போட்டது!

தட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள்.

போதும்.

அந்த எழுத்தைத் திரை விலக்கிக் காட்டியபோதும் இப்படித்தான் தட்டினீர்கள். வலைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் கீழே ஒரு மனிதனின் பெயர். எவருக்குக் கூசியது? அவனுடைய தாய் கைருன்னிஸா அன்று முன்வரிசையில் இருந்தார். அவர் தட்டவில்லை. தொண்ணூறில், முஸ்லிம்கள் எல்லோரையும் போல, அந்தக் குடும்பத்தையும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள். திரும்பி வந்தார்கள். பிள்ளை பந்து உதைத்தான். வாங்கினார்கள். கேட்கவில்லை. மதிலில் எழுதினார்கள். கேட்கவில்லை. விற்றார்கள். கேட்கவில்லை.

தலைவர் துண்டுக் கடதாசி அனுப்பியிருக்கிறார்: ‘பொன்னாடைக்கு நேரமாகிறது.’ ஓம் ஐயா, முடிக்கிறேன்.

உரிமையாளர் எழுந்துவிட்டார். என்ன சொன்னீர்கள் ஐயா? “உவன் வைப்பான் கையெழுத்து. நான் சொன்னா வைப்பான்.” எல்லோருக்கும் கேட்டதா? நல்லது. உவன் அதோ, கோல் கம்பத்தடியில், சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறான். ஸாஜித், மேலே வா. மைக்குக்குக் கிட்ட வா. உன்னை ஒருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். உனக்கு என்ன விருப்பம்?

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அவன் மெல்லத்தான் கதைப்பான். நானே திருப்பிச் சொல்கிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல்:

“நான் கையெழுத்து வைக்கமாட்டன் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை இஞ்சைதான் விளையாடுவன். ஆனா என்ரை பேரை அந்த மதிலிலை இருந்து அழியுங்கோ. அழிச்சாப் பிறகுதான் சப்பாத்துப் போடுவன்.”

வேண்டாம், கை தட்டாதீர்கள். அந்தக் கைகளுக்கு வேலை இருக்கிறது. கோடு போட்டு மிஞ்சிய சுண்ணாம்பு வாளியோடு மதிலடியிலேயே இருக்கிறது.

மணிவிழாத் தம்பதியர் நீடு வாழ்க. பொன்னாடையை மறக்காமல் கொண்டுபோங்கள் ஐயா, மேலே குளிரும். துண்டு அனுப்பியும் மைக்கைப் பறிக்காத தலைவருக்கு நன்றி. கேட்டிருந்த பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. அன்று தட்டாத அந்தத் தாய்க்கு, தனியாக ஒரு வணக்கம்.

மதிலில் குந்தியிருக்கும் இளையோரே, முதலில் நீங்கள் இறங்குங்கள். அந்தப் பெயர் உங்கள் கால்களுக்குக் கீழேதான் இருக்கிறது.

வணக்கம்.