மூணாம் நாளு எழுப்பணும்

இல்லீங்க மிஸ், மேட்ரன் இல்ல. நோர்வூட்டுக்குப் போயிருக்காங்க, மருந்தெடுக்க. இப்ப வந்துருவாங்க. நீங்க உள்ளுக்கு வந்து ஒக்காருங்க, வெளிய நின்னா பனி அடிக்கும். நானா? சின்னராசா. இந்த முதியோர் இல்லத்துல ஆறு வருசமா இருக்கேன். கேட்டுச் சாவியும், வர்றவங்க பேரு எழுதுற கொப்பியும் எங்கையிலதான். இந்தாங்க, பேர எழுதுங்க. நேரமும் போடுங்க. அஞ்சே முக்கால்.

தெரியுங்க, தெரியுங்க. பெரியதம்பி விசயம்தானே. பொழுது சாயறதுக்குள்ள வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கன்னு மேட்ரன் ஹட்டன் சமூக சேவை ஒப்பீசுக்குப் போன் அடிச்சிக் கூப்பிட்டாங்க. நேத்து நீங்க டான்ஸ் க்ளாச நிப்பாட்டச் சொல்லிட்டீங்க. இன்னைக்கி நீங்க சரின்னு சொன்னாத்தான் மறுபடி ஆடலாம். ஆடினாத்தான் அந்தாளு எந்திரிப்பாரு. எல்லாம் எனக்கும் தெரியும். பதறாதீங்க, நேரம் இருக்கு. மாசி மாசத்துல ஆறு மணி தாண்டித்தான் இருட்டும்.

போனா? இங்க சிக்னல் கெடைக்காதுங்க. பனி எறங்கிட்டா அந்த ஒரு கோடும் போயிரும். தேத்தண்ணி குடிங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்.

டான்ஸ் சொல்லிக் குடுக்குற சுலக்ஷனா மிஸ் மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. தங்கமான புள்ள. மொத நாளு வந்து பதினாறு பேருக்கும் பதினாறு கலர்த்துணி குடுத்துச்சி. கதிரையில ஒக்காந்தபடியே ஆடலாம், கைய ஒசத்தி மேகத்தத் தொடுங்கன்னுச்சி. இங்க மேகத்த யாரு போய்த் தொடணும்? அதுதான் தெனமும் வந்து நம்ம மூக்கத் தொடுதே. சிரிச்சோம். ஆனா பொம்பளைங்க கைய ஒசத்துனாங்க பாருங்க, அப்பிடியே முதுகுப் பக்கம் வீசுறாங்க. கொழுந்தக் கூடைக்குள்ள போடுற வீச்சு. நாப்பது வருசப் பழக்கம் விடுமா? ராக்காயி நாலு வருசமா தோளத் தூக்காத ஆளு. மூணாவது வாரம் தானே தலை சீவுனுச்சி. அன்னைக்கி அது அழுதுச்சி. நானுந்தான் அழுதேன், சொல்றதுக்கென்ன.

அஞ்சாவது வாரத்துலதான் அந்தப் புள்ள அதக் கேட்டுச்சி. ஒங்களுக்குன்னு ஒரு ஆட்டம் இல்லையா, அத ஆடுவோமேன்னு. மாசி மாசத்துல வந்து கேட்டுச்சி, பாருங்க.

மாசியில ஆடுற காமன் கூத்து பாத்திருக்கீங்களா மிஸ்? இல்லையா? கொழும்புப் பக்கம் வளந்தவங்க எப்பிடிப் பாத்திருப்பீங்க. மன்மதன் சிவன் மேல அம்பு விடுவாரு. சிவன் நெத்திக் கண்ணத் தொறந்து அவர எரிச்சிருவாரு. ரதி விழுந்து பொலம்பும். அப்பறம் மூணாம் நாளு, பொழுது சாயறதுக்குள்ள, தப்படிச்சி, பாட்டுப் பாடி அவர எழுப்பணும். அதுதான் முக்கியம். இது சும்மா நாடகமில்ல, காப்புக் கட்டி ஆடுறது. எரிச்சவன எழுப்பாம விட்டா, காமன் வேசம் கட்டுன ஆளும் எந்திரிக்க மாட்டான், எரிஞ்சவன் எரிஞ்சவன்தான். எங்க ஆளுங்க நம்பிக்க அப்பிடி. நீங்க நம்ப வேணாம். படுத்துக் கெடக்குறாரே, அவரு நம்புறாரு.

அந்தச் சத்தமா? தகரத்துல தண்ணி சொட்டுதுங்க. பின்பக்கம் ஹோல் கூரை ஓட்ட.

ஆமா, பெரியதம்பிதான் காமன். அவரு எழுவத்தெட்டு வயசுலயும் நெஞ்ச நிமித்தி நடக்குற ஆளு. அந்தக் காலத்துல மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துல சங்கத் தலைவரு. தலைவரு சொன்னாத்தான் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கே ஆளு போகும். இங்க வந்தும் அந்த மெதப்பு போகல்ல. காமனுக்கு ஆளு வேணும்னதும், தலைவரே நீங்கதான் பொருத்தம்னு நான்தான் சொன்னேன். ஒடனே ஒத்துக்கிட்டாரு. மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். ராக்காயி ரதி. சிவன் நான். நெருப்புக்குப் பதிலா செவப்புத் துணி வீசுனாப் போதும்னு சுலக்ஷனா மிஸ் சொல்லிருச்சி. செவ்வாய்க்கெழம எரிக்கிறது, வியாழக்கெழம எழுப்புறது. அந்தப் புள்ளைக்கு அது க்ளாஸ் வர்ற நாளு, அவ்வளவுதான். நாங்க நாளு எண்ணிப் பாத்தோம். சரியா மூணாம் நாளு.

செவ்வாய்க்கெழம நல்லாத்தான் ஆடுனாரு. நான் துணிய வீசுனேன். விழுந்தாரு. ராக்காயி அழுதுச்சி, எல்லாரும் கையத் தட்டுனாங்க. சுலக்ஷனா மிஸ் போய், ஐயா எந்திரிங்க, வியாழக்கெழம மிச்சத்த ஆடுவோம்னுச்சி. எந்திரிக்கல்ல. கண்ணு தொறந்திருக்கு, பேச்சில்ல. தூக்கிக்கிட்டுப் போய்க் கட்டில்ல போட்டோம். டாக்டர் வந்தாரு. பிரசர் சரி, நெஞ்சு சரி, ஒண்ணுமில்லன்னாரு. அன்னையிலருந்து ஒரு வாய் சோறு எறங்கல்ல. நேத்து ராத்திரியிலருந்து தண்ணியும் இல்ல.

புதன்கெழம காலையில ஒங்க போன் வருது. மொட்டக் கடுதாசி வந்திருக்கு, வயசானவங்கள வதைக்கிறாங்களாம், விசாரிச்சு முடியிற வரைக்கும் ஆட்டமே கூடாதுன்னு. சுலக்ஷனா மிஸ் அழுதுகிட்டே போச்சி. அதுக்கு என்ன தெரியும், பாவம்.

கடுதாசி கையோட கொண்டாந்தீங்களா? காட்ட வேணாம், வச்சிக்குங்க. எழுத்து நல்ல எழுத்தா இருக்கும். பொறவு பேசுவோம்.

மேட்ரனா? பஸ்சு லேட்டாகும் மிஸ், அந்த ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்கு. ஒக்காருங்க. நடந்து உள்ள போறீங்களா? வேணாங்க. படி பூராப் பாசி. ஒங்க செருப்புக்கு ஆகாது. அவங்க வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க.

இது எப்பிடி எனக்கு இவ்வளவு தெரியும்னு கேக்குறீங்க. பாத்திருக்கேன் மிஸ், இதே மாதிரி.

அம்பது வருசமாச்சி. எங்க அண்ணன், கந்தப்பன். அதே மஸ்கெலியாத் தோட்டம். எங்களுக்கு அப்பா இல்ல, அவருதான் வளத்தாரு. அந்த வருசம் காமன் வேசம் அவருக்கு. எரிச்சாச்சி. ரெண்டாம் நாளு, சங்கச் சண்டையில, என் தோட்டத்துல அடுத்த சங்கத்துக்காரன் ஆடக்கூடாதுன்னு தலைவரு தப்பு மேளம் பூராத்தையும் வாங்கி ஸ்டோருக்குள்ள போட்டுப் பூட்டிட்டாரு. எங்கம்மா அவரு லயத்து வீட்டு வாசல்ல போய் விழுந்துச்சி. நான் அவரு காலப் புடிச்சேன். சாவி இடுப்புல தொங்குது, அதத் தடவிக்கிட்டே, பாப்போம் பாப்போம்னாரு. பொழுது சாஞ்சிருச்சி.

அண்ணன் சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாரு. எரிஞ்சவனுக்கு நெழலு விழாதும்பாங்க. தம்பி, என் நெழலு சொவத்துல விழுதான்னு பாருடான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. விழுதுண்ணே, நல்லா விழுதுண்ணேன்னு வெளக்கத் தூக்கிக் காட்டுவேன். நம்பல்ல. ஒம்பதாம் நாளு போயிட்டாரு. இருவத்தாறு வயசு. சாகுற வயசா அது? சொல்லுங்க.

ஆமா மிஸ். அந்தத் தலைவருதான். வேற எத்தன பெரியதம்பி இருக்கப் போறாங்க.

அவருக்கு என்னைய ஞாபகமில்ல. மூணு வருசமா ஒரே மேசையில சோறு திங்கிறோம், ஒரு நாளும் கண்டுபுடிக்கல்ல. ஒரு தடவ, எந்தத் தோட்டம்னு கேட்டாரு. பட்டிப்பொலப் பக்கம்னு சொல்லி வச்சேன். நானா ஒண்ணும் தேடிப் போகல்லைங்க. அந்தப் புள்ளதான் ஒங்களுக்குன்னு ஒரு ஆட்டம் இல்லையான்னு கேட்டுச்சி.

செவ்வாய்க்கெழம அவரு விழுந்ததும் சிவன் குனிஞ்சி பாக்கணும், ஆட்டத்துல அப்பிடி இருக்கு. குனிஞ்சேன். காதுல சொன்னேன், நான் கந்தப்பன் தம்பின்னு. அவ்வளவுதான் சொன்னேன். கைய வைக்கல்ல. துணிதான் வீசுனேன், பட்டுத் துணி, பூ மாதிரி இருக்கும்.

இன்னைக்கி விடியக்கால கஞ்சி கொண்டு போனேன். செவ்வாய்க்கெழமைக்கு அப்பறம் அப்பத்தான் வாயத் தொறக்குறாரு. என்னைப் பாத்து, என் நெழலு விழுதான்னாரு. அண்ணன் கேட்ட அந்தக் கேள்வி அப்பவே தோட்டம் பூராவுக்கும் தெரியும், அவரு காதுக்கும் போயிருக்கும்போல. ஜன்னல் வெளிச்சம் நல்லா அடிக்கிது. சொவத்துல மூக்கு, தாடை எல்லாம் தெளிவா விழுது.

இல்லன்னேன்.

இருட்டாயிருச்சில்ல. இருங்க, லைட்டப் போடுறேன். இப்ப அந்தக் கடுதாசிய எடுங்க மிஸ், இந்த வெளிச்சத்துல பாருங்க. வயசான ஒருத்தரு ஆட்டத்துல விழுந்தாரு, எந்திரிக்கவே இல்லன்னு எழுதியிருக்கா? மேல தேதியப் பாருங்க. திங்கக்கெழம. அவரு விழுந்தது செவ்வாய். புதன்கெழம ஒங்க கைக்கு வரணும்னா திங்கக்கெழமையே தபால்ல போடணும்ல. நான் தோட்டப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவன், எழுத்து நல்லா வரும். அண்ணன்தான் படிக்க வச்சாரு.

ஏன் எந்திரிக்கிறீங்க? தேத்தண்ணி அப்பிடியே இருக்கு.

மேட்ரன் எங்கயும் போகல்ல மிஸ். பின்பக்கம் ஹோல்ல இருக்காங்க. ராக்காயியும் மத்தவங்களும் அவரக் கட்டிலோட தூக்கிக்கிட்டுப் போய் நடுவுல வச்சிக்கிட்டு, ரெண்டு மணியிலருந்து ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க கேட்ட சத்தம் தப்ப நெருப்புல காய்ச்சித் தட்டிப் பாத்த சத்தம். இப்ப கேக்குதா? இல்லல்ல. பொழுது சாஞ்சதும் நிப்பாட்டிட்டாங்க.

போங்க. நேரா போய் எடது பக்கம். மெதுவாப் போங்க, படி வழுக்கும். இனி அவசரம் ஒண்ணுமில்லீங்க.