காயம் இல்லாத கடி

அவையை அரவணைத்து நடத்தும் அன்புத் தலைவர் அவர்களே! தலை நரைத்தும் அக்கறை நரைக்காத பெரியோர்களே! பகலெல்லாம் கடையில் நின்று, மாலையில் அடுப்படியிலும் நிற்கும் தாய்மார்களே! நம்மை நிற்க வைத்தே சம்பளம் கொடுக்கும் துணிக்கடை நிர்வாகத்தாரே... வரவில்லையா? சரி, அவர்களுக்காகப் போட்ட நாற்காலிகளுக்கு என் வணக்கம்!

இது வெற்றி விழா என்கிறது சுவரொட்டி. கூர்மூக்கு ஷூவை ஒழித்தோம், கூடிக் கொண்டாடுவோம் என்கிறது. சங்கச் செயலாளர் நான், சந்தோஷமாகத்தான் பேச வேண்டும். ஆனால் என் நெஞ்சு கனத்துக் கிடக்கிறது.

முன்வரிசையில் வலதுகாலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவரை அறியாதார் உண்டா? திரைச்சீலைப் பிரிவில் கை விரித்தே துணியை அளப்பதால் நமக்கெல்லாம் அவர் மீட்டர் அக்கா. அந்த நீண்ட மேசைக்குப் பின்னால் நிற்பதுதான் அவருக்குப் பிழைப்பு, அதுதான் பெருமை.

கடை கொடுத்த கறுப்பு ஷூ நமக்கு என்ன செய்தது? முன்னே கூர், பின்னே உயரம்! ஐந்து விரலையும் நெருக்கியது, பெருவிரலைக் கோணலாக்கியது. போதும் என்று முதலில் வாய் திறந்தவர் அக்கா. நிர்வாகம் இறங்கி வந்தது, அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம் என்றது. அக்கா வாங்கியது தட்டையான, அகலமான, அடிப்பாகம் மெலிந்த ஷூ. வெறுங்கால் ஷூ என்று பெயராம். வெறுங்காலோடு நடப்பதற்கு ஷூ எதற்கு என்று கேட்டாராம் அவருடைய வீட்டுக்காரர். சிரியுங்கள், அவரும் அங்கே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பலன் இல்லையா? இருந்தது! விரல்கள் விரிந்தன. உறங்கிக் கிடந்த தசைகள் உழைக்கத் தொடங்கின. நடை நிமிர்ந்தது. "என் விரலு எனக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கு தம்பி" என்றார் அக்கா. அந்த ஷூவைப் பழிக்க நான் மேடை ஏறவில்லை.

ஆனால் பழைய ஷூவை அன்றே குப்பையில் போட்டுவிட்டார். மறுநாளே பேருந்தை விட்டுவிட்டு நடந்தார், கல்தரையில் நாள் முழுக்க நின்றார். சில நாளில் பாதத்தின் மேல்புறம் நோகத் தொடங்கியது. ஷூ கடிக்குது என்று வீட்டில் சொன்னார், கடையில் சொன்னார். நாம் என்ன சொன்னோம்? தமிழ் பேசுகிறவர்கள் ஆயிற்றே நாம்! புதுச் செருப்பு என்றால் கடிக்கும், கடித்தால் பழகும். செருப்புதானே கடிக்குது என்றார் வீட்டுக்காரர். எண்ணெய் தடவச் சொன்னார் பக்கத்துப் பிரிவுக்காரர். பழகிடும் என்றார் மேலாளர். அக்காவும் நம்பினார், பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார்.

ஒருநாள் துணிச்சுருளைத் தூக்கித் திரும்பியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எப்போதிருந்து வலிக்கிறது என்று கேட்டார் மருத்துவர்.

"வலிக்கலைங்க டாக்டர், கடிச்சுது" என்றார் அக்கா.

மருத்துவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடிச்சிருந்தா தோல்ல காயம் இருக்கணுமேம்மா. எங்கே காயம்?"

காயம் இல்லை. கொப்புளம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை! எலும்பில் விரிசல் விழுந்திருந்தது. விரிசலோடு நின்று நின்று அது முறிந்தும் போயிருந்தது.

பழைய ஷூவின் தடித்த அடியில் சொகுசு கண்ட பாதத்துக்கு ஒரே நாளில் முழு வேலை கொடுத்தால் தாங்குமா? மற்ற செருப்பெல்லாம் நம் காலுக்குப் பழகும். இந்த ஷூவுக்கோ கால்தான் பழக வேண்டும்! முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம், பிறகு தெருமுனை வரை, அப்படியே மாதக்கணக்கில் மெல்ல மெல்ல. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். என்ன கேட்கிறீர்கள் அண்ணே? பழைய ஷூவே வந்துவிடட்டுமா? வேண்டாம். அக்காவே அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கோணலாகச் சேர்ந்துவிட்டது. இனி அவரால் நாளெல்லாம் நிற்க முடியாது. அடுத்த வாரம் முதல் பில் போடும் இடத்தில் அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. உட்கார நாற்காலி கேட்டுப் போராடும் சங்கம் நாம். நம்மில் ஒருவருக்கு அந்த நாற்காலியே தண்டனையாகக் கிடைத்திருக்கிறதே! இந்த வருத்தம் எனக்கு ஆறவே ஆறாது.

மேடை ஏறும் முன் அக்காவிடம் கேட்டேன், உங்கள் சார்பில் என்ன சொல்லட்டும் என்று.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க தம்பி. நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா, யாராவது ஒருத்தர் என்னை உட்காரச் சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்போமா? சொல்லியிருப்போம் என்றுதான் நம்ப ஆசைப்படுகிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கெல்லாம் என் நன்றி. இடமில்லாமல் பின்னால் நின்றபடியே கேட்டவர்களே, யாருக்காவது கால் வலிக்கிறதா? கூச்சப்படாமல் சொல்லுங்கள். வராதவர்களின் நாற்காலிகள் இங்கே காலியாகத்தான் கிடக்கின்றன. வந்து உட்காருங்கள், வணக்கம்.