மூடிய வாயிலுக்கு இந்தப் பக்கம்

அவையை நடத்தித்தரும் வழக்கறிஞர் ருகையா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்து வெயிலைப் பொறுத்திருக்கும் தாய்மார்களே, ஒலிவ மரங்களுக்கடியில் ஒதுங்கி நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவர்மீதும் அமைதி நிலவட்டும்!

சிரியாவின் வடகோடியில், எல்லையோரம் வாழும் நமக்கு ஐக்கிய நாடுகள் அவை எதுவென்று எவரும் பாடம் நடத்த வேண்டாம். லாரியில் வரும் மாவு அது, மருந்து அது. அந்த லாரி எல்லை தாண்டக் கடல்களுக்கு அப்பால் பதினைந்து நாடுகள் கூடி முடிவெடுக்க வேண்டும். அவற்றுள் ஐந்துக்குத் தனி உரிமை. ஐவரில் ஒருவர் ‘கூடாது’ என்றால், மற்ற அத்தனை பேரும் ‘ஆகட்டும்’ என்றாலும் ஆகாது! வீட்டோ என்கிறார்கள் அதை.

ஒருநாள் அங்கே ஒரு கை உயர்ந்தது. இங்கே நம் எல்லை வாயில் மூடியது. நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் பிரிவுக்கான இரத்த வடிகட்டிகள் அந்தப் பக்கம்; அவற்றுக்காகக் காத்திருந்த உயிர்கள் இந்தப் பக்கம். லாரி வேறு வாயில் வழியாகச் சுற்றி வரவேண்டும். எப்போது வரும்? எவருக்குத் தெரியும்?

செவிலியர் ஹனாதி நோயாளிகளை ஒன்றாக அமரவைத்தார். “இருக்குற வடிகட்டி பத்தாது. எல்லாரும் வாரத்துல ஒரு டயாலிசிஸக் கொறச்சுக்கிட்டா, யாரையும் கைவிட வேண்டாம். என்ன சொல்றீங்க?”

எல்லோரும் இசைந்தார்கள், ரொட்டிக்கடை அபு நிசார் ஒருவரைத் தவிர.

“என் முறைய நான் விடமாட்டேம்மா.”

அடுத்த கட்டிலில் ஆசிரியை வஃபா. “என்ன அபு நிசார், நீங்களும் வீட்டோ போடுறீங்களா? உங்க ரொட்டி கருகினப்பகூட நாங்க மறுக்காமத்தான தின்னோம்!”

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“பயமா இருக்கு டீச்சர்.”

“எனக்கும்தான். சேந்தே பயப்படுவோமே.”

அபு நிசார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “சரி, எனக்கும் கொறச்சுப் போடும்மா” என்றார்.

லாரி வந்தது. வஃபா டீச்சரை அடக்கம் செய்த பிறகு வந்தது.

அழாதீர்கள் தாயே. கேளுங்கள். அந்த அறையில் மறுத்தவருக்கும் அதே நோய்; மறுத்தவர் எதிரிலும் மனித முகங்கள். பாதுகாப்பு அவையில் மறுக்கும் கையில் எந்த ஊசி ஏறுகிறது? எந்த மூச்சு முட்டுகிறது?

என்ன ஐயா? ‘அப்ப அந்த அவையே எதுக்கு’ என்கிறீர்களா? நியாயமான கோபம். ஆனால் வாயில் மூடும்வரை நம் அடுப்பு எரிந்ததும் அந்த அவையால்தான். அது வேண்டும், கட்டுண்ட கைகளோடு வேண்டாம்! இந்த வீட்டோ உரிமை இல்லையென்றால் வல்லரசுகள் வெளியேறும், பெரும்போர் மூளும் என்கிறார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால், ஒரு வடிகட்டி எந்தப் போரை மூட்டும்? ஒரு மூட்டை மாவு எந்த நாட்டைத் தாக்கும்? நாம் கேட்பது ஒன்றே: மருந்து செல்லும் வழியில் எந்த ஒற்றைக் கையும் குறுக்கே நிற்கக்கூடாது! ஒருபோதும் கூடாது!

பொறுமையோடு கேட்ட பெருமக்களே, நன்றி. நலமாக வீடு சேருங்கள். இன்று முறை உள்ளவர்கள் மட்டும் என்னோடு வாருங்கள். இயந்திரம் தயாராக இருக்கிறது.